மறியல் அண்ணையின் கட்டில்

ஒரு நோய் நொடியும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் அதிக நாள் படுத்துக் கிடந்த மனிதர் வடமராட்சியிலேயே எங்கள் மறியல் அண்ணைதான். மறியல் என்றால் எங்கள் பக்கத்தில் சிறை. ஆனால் அவர் சிறைக்குப் போனவரல்ல. நோயாளியை ஆஸ்பத்திரி வாட்டில் கட்டில் கொடுத்துத் தங்க வைப்பதையும் நாங்கள் ‘மறிக்கிறது’ என்போம். கிழமைக்கொருக்கால் போய் நின்று, “என்னை மறியுங்கோ டொக்டர்” என்று கெஞ்சியதால் வந்த பட்டம் அது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாட்டில் ஆளே இருக்காது. தடிமன் பிடித்தாலும் சனம் பஸ் ஏறி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடும். கட்டில்கள் இப்படியே வெறுமையாகக் கிடந்தால் வாட்டை மூடிவிடுவார்கள் என்று கதை அடிபட்டது. முன்பும் ஒருமுறை மூடிக் கிடந்தது. அந்தக் காலத்தில்தான் அண்ணையின் மனைவி பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வான் வண்டிக்குள்ளேயே முடிந்துபோனா.

அதற்குப் பிறகு அண்ணை யாரைக் கண்டாலும் சுகம் விசாரிப்பதில்லை.

“முகம் வெளிறிக் கிடக்கு. ரெண்டு நாள் வாட்டிலை வந்து படன்.”

கலியாண வீடொன்றில் மாப்பிள்ளையின் தகப்பனுக்கே இதைச் சொல்லி, பந்தியிலிருந்து எழுப்பப்பட்டார்.

வாட்டைப் பார்த்து முடிவெடுக்க அதிகாரி வருகிற நாளும் கோயில் தேரும் ஒன்றாக வந்து தொலைத்தன. அண்ணை காலில் விழாத குறையாகப் படுக்க வைத்த ஆறு பேரும் மேளம் கேட்டதும் எழும்பிப் போய்விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அண்ணைக்கு உண்மையாகவே நெஞ்சு நோ.

ஆஸ்பத்திரியின் டொக்டர், இளம் பெண்பிள்ளை, பதறிப்போனா. “ஐயா, அம்புலன்ஸ் நிக்குது. உடனை பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்.”

“நான் போனால் இஞ்சை ஆர் கிடக்கிறது? அவர் வந்து பாத்திட்டுப் போகட்டும், பிள்ளை.”

“விளையாடாதேங்கோ ஐயா!”

“இவ்வளவு நாளும் விளையாடினனான்தான். இண்டைக்கு இல்லை.”

மத்தியானம் அதிகாரி வந்தார். மூச்சுக்குத் தவிக்கிற அண்ணையையும் பக்கத்தில் ஓடித் திரிகிற டொக்டரையும் பார்த்தார். வாட் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகே அண்ணை போகச் சம்மதித்துத் தலையாட்டினார். ஆனால் அம்புலன்ஸில் ஏற்ற முதலே உயிர் போய்விட்டது.

அந்த நேரம் நான் தேர் வடம் பிடித்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போன ஆறு பேரில் நானும் ஒருவன்.

அடுத்த நாள் கால் தானாக ஆஸ்பத்திரிக்குப் போனது. வாட் வாசலில் நின்ற என்னை நோயாளி என்று நினைத்து, புதிதாக வந்த தாதி பதிவுக் கொப்பியைத் திறந்து, “என்ன வருத்தம்?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் நோய்க்கும் அதுதான் சொல்.

“அண்ணை இல்லை, பிள்ளை” என்றேன்.