மீன் குழம்பும் லிஃப்ட் குழியும்

யார் எதைச் சொன்னாலும் நம்பாத மனிதர் என்று உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரோடு மூன்று வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். தட்டாஞ்சாவடியில் பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் கம்பெனியில் அவருக்கு 'அப்புறம்' அண்ணன் என்று பெயர். நாம் என்ன சொன்னாலும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அப்புறம்?" என்பார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதுவது அவர் வேலை. அதற்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் மிக்ஸி பெட்டிக்குள் வைக்கும் கையேட்டை எழுதிக்கொண்டிருந்தாராம். 'மூடி போடாமல் ஓட்டாதீர்கள்' என்று எழுதுவதற்காகவே மூடி போடாமல் ஓட்டிப் பார்த்தவர். அந்தத் தேங்காய்ச் சட்னி அந்தத் தொழிற்சாலையின் கூரையில் கடைசிவரை இருந்ததாகக் கேள்வி. யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், அன்றைக்கே பஸ் ஏறிப் போய், அதில் போட்டிருக்கும் வழிப்படம் சரிதானா என்று பார்த்துவிட்டு வருவார். ஒரு பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு, "மண்டபம் இடது பக்கம்னு போட்டிருக்கீங்க, வலது பக்கம்ல இருக்கு" என்று சொல்லி, முந்நூறு பத்திரிகையில் பேனாவால் திருத்த வைத்தார்.

எங்கள் கம்பெனி விற்றது வேலைகளைத் திட்டமிட உதவும் ஒரு மென்பொருள். திரும்பத் திரும்ப வரும் வேலைக்கு, எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம். அதுதான் டெம்ப்ளேட். வேலை வரும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். டெம்ப்ளேட்டுகள் நிறைய வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து கஷ்டப்படாமல், ஒரே கட்டளையில் எல்லாவற்றிலும் புது வரியைச் சேர்த்துக்கொள்ள மென்பொருளுக்கு வெளியிலிருந்தே கட்டளை அனுப்பும் ஓர் ஏபிஐ கருவி செய்தோம். செய்தவன் நான். அதற்கு விளக்கப் பக்கம் எழுதவேண்டியவர் அவர். வெள்ளிக்கிழமை வெளியீடு.

வியாழன் மதியம் அவரிடம் போய், எந்த இடத்தில் வரி வர வேண்டுமோ அந்த எண்ணைக் கொடுத்தால் அங்கே போய் உட்காரும், ஒன்று என்று கொடுத்தால் முதல் வரியாக வரும் என்று சொன்னேன்.

"அப்புறம்?"

"அவ்ளோதாண்ணே. ஒரு பக்கம் எழுதிடுங்க."

அவர் எழுதவில்லை. மீன் குழம்புக்கு ஒரு டெம்ப்ளேட் போட்டார். எதைச் சோதித்தாலும் அவருக்கு மீன் குழம்புதான். 'மீனைக் கழுவு' என்பதில் தொடங்கி 'கொத்தமல்லி தூவி இறக்கு' என்பதுவரை எட்டு வரி. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முதல் வரியை அழித்துவிட்டு, 'மீனை மஞ்சள் போட்டுக் கழுவு' என்று என் கருவி வழியாக ஒன்றாம் இடத்துக்கு அனுப்பியிருந்தார். அது ஒன்றாம் இடத்துக்குப் போகவில்லை. கொத்தமல்லி தூவி இறக்கிய பிறகு, கடைசியில் மீனைக் கழுவச் சொன்னது.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. முதல் வரியை அழித்ததும் பட்டியல் இரண்டிலிருந்து தொடங்குகிறது. தள்ளி வைக்க ஒன்று என்று எதுவும் இல்லாததால் என் கருவி குழம்பிப்போய், புது வரியைக் கடைசியில் வைத்துவிடுகிறது. ஆனால் புரிந்ததை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. முதல் வரியை யார் அழிக்கப் போகிறார்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மேனேஜர் வினோதினி மேடமும் அதையே சொல்லி, காலை பதினோரு மணிக்குள் பக்கம் வந்தாக வேண்டும் என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பக்கம் வரவில்லை. மேடம் அவர் மேஜைக்கு வந்து நின்றார். அண்ணன் போனில் இருந்தார். அந்தக் கருவியை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒரே வாடிக்கையாளர், லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனி. நீங்கள் அதில் என்ன வரி சேர்க்கப் போகிறீர்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யாருமே கேட்காத கேள்வி அது.

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பழைய முதல் வரி 'மெயின் சுவிட்சை அணை'. அதை அழித்துவிட்டு, 'மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடு' என்ற வரியைக் காலையிலேயே எல்லா டெம்ப்ளேட்டிலும் சேர்த்துவிட்டார்களாம். வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான ஒரு மெக்கானிக், அந்தப் பட்டியலைப் போனில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊரிலேயே கதிர்காமத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருக்கிறார். சூப்பர்வைசர் கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது.

"வண்டிய எடு தம்பி" என்றார் அண்ணன்.

பத்து நிமிடப் பயணம்தான். அன்றைக்கு எல்லா சிக்னலும் எங்களுக்கென்றே சிவப்பாக எரிந்தன.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு சாத்தியிருந்தது. உள்ளே, குழிக்குள் சுத்தியல் சத்தம் கேட்டது. மேலே பார்த்தால் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்பதாக விளக்கு எரிந்தது. விளக்கு எரிகிறது என்றால் மின்சாரம் இருக்கிறது. மேலே யாரோ பேசிக்கொண்டு வரும் சத்தமும் கேட்டது.

அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயது, வலது முழங்காலில் வலி. அந்த மனிதர் படிக்கட்டில் ஓடியதை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. நான் கீழே கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். சுத்தியல் சத்தத்தில் மெக்கானிக்குக் கேட்கவில்லை. மேலே ஓர் அம்மா கோபமாகக் கேட்பது மட்டும் காதில் விழுந்தது: "இன்னாயா இது, லிஃப்ட்டு வாசப்படியில வந்து உக்காந்துக்கினு?"

கதவு மூடாமல் லிஃப்ட் நகராது. அதனால் அவர் கதவுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காய்கறிப் பையோடு உள்ளே நின்றிருந்த குடும்பம் அவரை எழுப்பப் பார்த்திருக்கிறது. கதவு இரண்டு பக்கமும் வந்து அவர் தோளில் இடித்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அசையவில்லை.

சுத்தியல் சத்தம் நின்றது. கதவை உள்ளிருந்து திறந்து, கிரீஸ் கையோடு மெக்கானிக் எட்டிப் பார்த்தார். நான் அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏழு வரி முடிச்சிட்டேன் சார். இன்னும் ஒன்னுதான் பாக்கி" என்று போனைக் காட்டினார்.

பாக்கியிருந்த எட்டாவது வரி, மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து, மெக்கானிக்கைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுந்திருக்கும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் அப்போதே எல்லாப் பட்டியலையும் நிறுத்தினார்கள். மதியத்துக்குள் நான் கருவியைச் சரிசெய்தேன். ஒவ்வொரு முறையும் அவர் மீன் குழம்பை வைத்துச் சோதித்தார். மாலையில் விளக்கப் பக்கம் வெளியானது.

அந்தப் பக்கத்தின் அடியில், என்ன பிழை இருந்தது, எப்படிச் சரியானது என்று நான்கு வரி எழுதியிருந்தார். யார் கண்டுபிடித்தது என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, அதற்குப் பின்னால் தன் பெயரைப் போட்டிருந்தார். அவர் எழுதியதில் சோதித்துப் பார்க்காமல் எழுதிய வரி அது ஒன்றுதான். இதுவரை அதைத் திருத்தச் சொல்லி அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.