காலி மனைக்கு ஒரு கால அட்டவணை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். என் வலது முழங்காலைத் தவிர இங்கு எல்லோரும் நலம். அங்கு உங்கள் மொட்டைமாடி ரோஜாச் செடிகள் உட்பட அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை வந்தபோது பார்த்த அந்த மஞ்சள் ரோஜாவைப் போல ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் மட்டும் மனம் திறந்து சொல்கிறேன். இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமலிருக்க ஐந்து காரணங்களும் எழுதுவதற்கு ஆறு காரணங்களும் கிடைத்தபடியால் எழுதுகிறேன். உங்கள் மகனுடைய வேலைக்கு என்னால் ஆபத்து வந்துவிட்டது.

சென்ற திங்கட்கிழமை காலை என் கைபேசிக்கு எங்கள் பகுதி வேட்பாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "ஐயா, சத்தமில்லாமல் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டுமென்று நீங்கள் ஏங்குவது எனக்குத் தெரியும். உங்கள் தெருமுனைக் காலி மனையில் படிப்பகம் அமைப்பேன்" என்று இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் ஏக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? முந்தைய வாரம் அப்படி ஓர் இடம் பக்கத்தில் உண்டா என்று கைபேசியில்தான் தேடியிருந்தேன். என் மனைவி யாரிடமாவது சொல்லியிருப்பாளோ என்று ஒரு நாள் முழுதும் அவளைச் சந்தேகித்தேன். வேட்பாளருக்கு இரண்டு பக்க நன்றிக் கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினேன். ஆதரவைத் தொடர ஒன்றை அழுத்துங்கள் என்று பதில் வந்தது. மரியாதைக்குறைவாகிவிடக் கூடாதே என்று இரண்டு முறை அழுத்தினேன்.

மறுநாள் மதியம் இந்தச் சந்தோஷத்தை மனைவியிடம் சொன்னபோது, "படிப்பகமா? அங்க காய்கறிச் சந்தை வரப்போகுதுங்க. எனக்கே சொல்லியிருக்காரு" என்று தன் கைபேசியைக் காட்டினாள். அதே வேட்பாளர், அதே சிரிப்பு, அதே மனை. என் மகனுடைய கைபேசியில் அது உடற்பயிற்சிக் கூடமாக இருந்தது. மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரின் கைபேசியில் கார் நிறுத்துமிடம்.

"ஆளுக்கு ஏத்த மாதிரி அனுப்புவாங்கப்பா. நாம போன்ல எதைத் தேடுறோம், எதைப் பார்க்குறோம்னு கணக்குப் பண்ணி அனுப்புறது. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்றான் மகன்.

மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி இருக்க முடியும்? முப்பத்தோரு வருஷம் ரயில் கால அட்டவணை தயாரித்தவன் நான். ஒரே நடைமேடைக்கு நான்கு வண்டி வருகிறது என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றாது. நான்கும் வெவ்வேறு நேரத்தில் வருகின்றன என்றுதான் தோன்றும். வேட்பாளருக்கு வேலை அதிகம், நேரம் ஒதுக்க மறந்திருப்பார், நாம் உதவலாமே என்று உட்கார்ந்தேன். காலை ஐந்து முதல் ஏழு உடற்பயிற்சி. ஏழேகால் முதல் பத்து சந்தை, இடையில் கால் மணி நேரம் பெருக்குவதற்கு. பத்தேகால் முதல் மாலை நான்கு வரை படிப்பகம். அதன்பின் கார்கள்.

செவ்வாய் மாலை அவர் இணையத்தில் நேரலையில் பேசினார். கேள்விகளைக் கீழே எழுதலாம் என்றார்கள். அது அவருக்கு மட்டும் போகும் என்று நினைத்து, நான்கு வாக்குறுதிகளையும் அட்டவணையையும் பணிவான முன்னுரையுடன் அனுப்பினேன். சம்பந்தி, அதை இரண்டாயிரத்து முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

"எங்க தெருவுக்கு அதே இடத்துல நீச்சல் குளம்னு சொன்னாரே?" என்று ஒருவர் எழுதினார். "எங்களுக்கு அங்க ஒண்ணுமே கட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணாரு" என்று இன்னொருவர். "தாத்தா, எங்க நாய்ப் பூங்காவையும் சேர்த்துக்கங்க" என்று ஒரு பெண். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திருத்திய பதிப்பை அனுப்பிக்கொண்டே இருந்தேன். நாற்பது நிமிடத்தில் பதினொரு இனங்கள் ஆகிவிட்டன. நீச்சல் குளத்தின் மேல் சந்தையை எப்படி வைப்பது என்பதில்தான் சற்றுத் தடுமாறினேன். ஒன்றுமே கட்டக்கூடாது என்றவருக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினேன். வேட்பாளர் எதையோ படித்தார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் படித்தார், மறுபடியும் தண்ணீர் குடித்தார். பிறகு இணையக் கோளாறு என்று படம் நின்றுவிட்டது.

ஐந்தாவது நிமிடம் மாப்பிள்ளை அழைத்தார்.

"மாமா, அந்த அட்டவணை நீங்க போட்டதா?"

"ஆமாம் மாப்பிள்ளை. எதுவும் மோதவில்லையே?"

"மோதலைதான் மாமா. ஆனா அந்தப் பதினொண்ணும் நான் எழுதினது."

அவர் கணினியில் ஏதோ தகவல் வேலை பார்க்கிறார் என்று மட்டுமே நான் அறிந்திருந்தேன்; வேட்பாளருக்காக ஆளுக்கொரு செய்தி எழுதுவதுதான் அந்த வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நாளை வெள்ளிக்கிழமை மேலதிகாரி அவரைக் கூப்பிட்டிருக்கிறாராம். செவ்வாய்க்கிழமையிலிருந்து மாப்பிள்ளையும் பேசவில்லை, என் மகளும் போனை எடுப்பதில்லை. அடுத்த மாதம் இருவரும் இங்கு வருவதாக இருந்தது. இனி வருவார்களா என்று தெரியவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. உங்கள் மகன் மீது ஒரு துளிக் குற்றமும் இல்லை. தயவுசெய்து அவரிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். இனி நான் கைபேசியைத் தொடவே மாட்டேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். எல்லோரும் நீண்ட ஆயுளுடனும், முடிந்தால் என்னோடு பேசிக்கொண்டும் இருக்க வேண்டுகிறேன்.

பணிவன்புடன்,
உங்கள் சம்பந்தி

பி.கு.: வெள்ளி மாலை. உறையை ஒட்டுமுன் மாப்பிள்ளையே அழைத்துவிட்டார். அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பதவி உயர்வே கிடைத்திருக்கிறது. இத்தனை பேர் பார்த்த நேரலை அவர்களுக்கு இதுவரை வாய்த்ததில்லையாம், மேலதிகாரிக்குக் கொள்ளை மகிழ்ச்சியாம். அட்டவணையை வேட்பாளரே தன் திட்டமாக வெளியிடப் போகிறார். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சரிபார்த்துத் தரச் சொல்லிக் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் என் மனைவி, மேசையில் நான் எழுதி வைத்திருந்த மூன்று கடிதங்களையும் படித்துவிட்டாள். "ஏங்க, சம்பந்திக்கு ரோஜா, மாப்பிள்ளைக்குக் கிரிக்கெட், பொண்ணுக்கு அவ சின்ன வயசுப் படம். ஒரு கடிதத்துல தப்பு உங்களுது, ஒண்ணுல என்னுது, ஒண்ணுல மாப்பிள்ளையோடது. அவரு பதினொண்ணு எழுத ஒரு ஆபீஸே வேணும். நீங்க தனியாவே பண்றீங்க!" என்றாள்.

எனவே ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று கடிதங்களில் உங்களுக்கு எழுதியதுதான் உண்மை. இதே வரி மற்ற இரண்டிலும் இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.