கிரீஸ்காரர் மெஸ்

காஞ்சிபுரத்தில் கடல் இல்லை என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் கிரீஸ்காரர்தான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டில் மெஸ் நடத்துகிறார். அதற்கு முன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒருமுறை எஞ்சின் பழுதாகி, முதலாளியும் கைவிட்டுவிட, கிரீஸ் நாட்டுக் கடலோரக் கிராமம் ஒன்றில் ஒன்பது மாதம் மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் கப்பலிலேயே அழுதுகொண்டிருக்க, இவர் கரையிறங்கி ஆடு மேய்த்தார், வலை இழுத்தார், ஆலிவ் பறித்தார். ஊர் திரும்பியது உடம்பு மட்டும்தான்.

மதியம் இரண்டு மணிக்கு மெஸ்ஸைச் சாத்திவிடுவார், இலையில் ஆள் இருந்தாலும்.

"இன்னாண்ணா, இன்னும் மோர் ஊத்தலையே" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஊரே தூங்கற நேரம்பா இது. அங்க ரெண்டு மணியாச்சுன்னா மலைமேல ஆடுங்ககூட மரத்தடியில படுத்துனு இருக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். இருட்டில் தடவி நானே மோரை ஊற்றிக்கொண்டேன்.

அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கதவுக்கு நீலம் பூசுவார்களாம். இவரும் பூசினார். அடுத்த ஒரு வாரம் காலையில் வெறும் வயிற்றோடு ஆட்கள் வந்து, "ரத்தம் டெஸ்ட் பண்றது இங்கதானா" என்று கேட்டார்கள். அத்தனை பேருக்கும் இட்லி போட்டுத்தான் அனுப்பினார். வாசலுக்கு வந்தவரைப் பட்டினியாக அனுப்புவது அங்கே வழக்கமில்லையாம்.

வினை நாவல் மரத்தில் வந்தது. ஆலிவ் அறுவடைக்கு மரத்தடியில் துணி விரித்து, நீளக் கழியால் கிளையைத் தட்டுவார்களாம். ஆலிவுக்கு நாங்கள் எங்கே போவது? தெருமுனை நாவல் மரத்தைத் தட்டினார். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் தறி நெய்யும் சிவகாமியம்மாள் ஒரு கல்யாணப் புடவைக்கான பட்டுப் பாவு நூலை, தறியில் ஏற்றும் முன் தெருநீளத்துக்கு நீட்டிக் கட்டியிருந்தார். சந்தன நிறப் பாவு. பாதிப் பழம் துணியில் விழுந்தது, மீதி பாவில்.

சிவகாமியம்மாள் கத்தவில்லை. கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீ கிரீஸும் போகல, ஒண்ணும் போகல. ராயபுரத்துல எங்கியோ டீ ஆத்திக்கினு இருந்திருப்ப" என்றார்.

பாவுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் மறுசாயம் போட்டார்கள். கல்யாண வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கிரீஸ்காரர் அன்றோடு கிரீஸைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். மதியம் மூன்று மணிக்கும் மெஸ் திறந்திருந்தது. சாம்பார்கூடச் சப்பென்று ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, தறி பார்க்க வந்த வெளிநாட்டுப் பெண் ஒருவரைக் கைடு சிவகாமியம்மாள் வீட்டுக்கு அழைத்துவந்தார். எந்த ஊர் என்று விசாரித்தால், கிரீஸ். சிவகாமியம்மாள் தறியைவிட்டு எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நேரே மெஸ்ஸுக்கு நடத்தி வந்தார். பின்னால் பாதித் தெரு.

அந்தப் பெண் தன் மொழியில் மடமடவென்று பேசினார். கிரீஸ்காரர் கரண்டியோடு நின்றார். ஒரு வார்த்தை வரவில்லை. சிவகாமியம்மாள் எங்கள் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோல் தலையாட்டினார். என்னால் அங்கே நிற்கவே முடியவில்லை.

அப்போது தெரு ஆடு ஒன்று உள்ளே புகுந்து வாழைஇலைக் கட்டில் வாயை வைத்தது. கிரீஸ்காரர் தன்னையறியாமல் அதைப் பார்த்து ஏதோ கத்தினார். மூச்சுவிடாமல், மிக நீளமாக. ஆடு ஓடிவிட்டது. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"இவங்க அம்மாவுக்கும் கடலோர கிராமம்தானாம்" என்றார் கைடு. "அங்க ஆடு மேய்க்கிற பெருசுங்க இப்படித்தான் திட்டுவாங்களாம். எந்தப் புக்குலயும் இருக்காதாம்."

"இன்னா அர்த்தம்பா?" என்றார் சிவகாமியம்மாள்.

கைடு கேட்டார். அந்தப் பெண் அவர் காதில் சொன்னார். "வேணாம்மா" என்றார் கைடு.

சிவகாமியம்மாள், "போய்த்தான் வந்துக்கிறாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு அவரே இலை போட்டார். மறுநாள் இரண்டு மணிக்கு மெஸ் சாத்தியிருந்தது.

இப்போது கிரீஸ்காரர் முழங்கால் ஆபரேஷனுக்காக மகள் வீட்டில் இருக்கிறார். நேற்று போன் செய்தேன். "எப்போண்ணா வர்றீங்க? தெருவே உங்களத் தேடுது" என்றேன்.

தெருவின் மேல் பழி போட்டேன். தேடுவது நான்தான்.