தாங்கள் பூட்டச் சொன்ன விலை

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் 4

மதிப்பிற்குரிய மைத்துனர் கருப்பசாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை வசந்தாமணியின் கணவன் மணியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தேவைக்கு அதிகமான வெப்பத்தில் நலம். ஃப்ரீமான்ட்டில் தாங்களும் நலமாகவே இருப்பீர்கள் என்பதில் ஐயமில்லை, ஏனெனில் தங்கள் யோசனைகளைத் தாங்கள் பின்பற்றுவதில்லை.

சென்ற ஆடியில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு இப்போதே விலையை உறுதி செய்துகொள்ளலாம் என்று எண்ணெய் நிறுவனம் எழுதியிருந்தது. இரண்டு திட்டங்கள். ‘ஃபிக்ஸ்டு’ என்றால் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஒப்புக்கொண்ட விலையே. ‘கேப்’ என்றால் ஏறும்போது நமக்கு ஏறாது, இறங்கும்போது நமக்கும் இறங்கும். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. பனியை ஃப்ரீசரில் மட்டுமே பார்க்கும் ஊரிலிருந்து தாங்கள் தொலைபேசியில் தீர்ப்பு வழங்கினீர்கள்: "மாப்ளே, கேப்புன்னா என்னங்க? குல்லா! உங்களுக்குக் குல்லா போடறேன்னு அவன் பேர்லயே சொல்லிப்போட்டானே! இது ஆடித் தள்ளுபடிங்க, ஃபிக்ஸ்டுல லாக் பண்ணுங்க!" பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், இந்தச் சொல்லாராய்ச்சியை நம்பிக் கையொப்பமிட்டேன்.

அக்டோபரில் விலை சரிந்தது. டிசம்பரில் மேலும் சரிந்தது. எந்தத் திட்டத்திலும் சேரச் சோம்பல்பட்ட பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாஸ், "ஐயோ சார், லாக் பண்ணிட்டீங்களா?" என்று முகம் மலர அனுதாபப்பட்டார். அது போதாதென்று ஒப்பந்தத்தின் பதினோராம் பத்தி: ஒப்புக்கொண்ட அறுநூறு கேலன் எண்ணெயையும் மார்ச் இறுதிக்குள் எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டாலும் பணம் போய்விடும். குளிரோ இந்த ஆண்டு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. விடுவேனா? ஜனவரி முதல் வீட்டை எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தேன். நான் பனியனோட ஆபீஸ் மீட்டிங்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்கேன், தங்கள் தங்கை ஹால்ல வடாம் காயப்போடறா, மக எழிலரசி ஜன்னலத் திறந்து வெச்சுட்டு "டாட், வீ ஆர் ஹீட்டிங் த ஹோல் ஸ்ட்ரீட்"ங்கறா. "உங்க அண்ணன் சொன்னதுதானே"ன்னு நான் கேட்டா, "அவரு சொல்லுவாரு, நீங்க எதுக்குக் கேட்டீங்க?" என்பது தங்கள் தங்கையின் நிலைப்பாடு.

நேற்று மாலை எண்ணெய்த் தொட்டியின் முள் பூஜ்யத்தைத் தொட்டது. வசந்தம் வந்துவிட்டது, அவர்களிடம் ஒரு சொட்டும் நான் விட்டுவைக்கவில்லை. இனி எண்ணெய், வீடு, வரி, எது குறித்தும் எனக்கு யோசனை அருள வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. தங்களுக்கு, உறவுமுறை கட்டாயப்படுத்தும் வணக்கம் மட்டும்.

இங்ஙனம்,
மணியன்

பின்குறிப்பு: மச்சான், கவர ஒட்டறதுக்குள்ள பனிப்புயல் எச்சரிக்கை வந்திருச்சு. நாளைக்குப் பதினாலு இன்ச்சாம். கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். இன்னிக்கு விலை நம்ம ஃபிக்ஸ்டு விலையப் போல ஒன்றரை மடங்கு, அதுக்கும் வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி லாரி வராதாம். நீங்க சொன்னது சரிதாங்க. வாங்கின எண்ணெயத் தெருவுக்கு எரிச்சவன் நான்தான். மேல எழுதினது எதையும் படிக்காதீங்க. புயல் ஓயற வரைக்கும் நாங்க மூணு பேரும் ஸ்ரீநிவாஸ் வீட்லதான் இருப்போம். அவரு முகம் இப்பவே மலர்ந்திருச்சு. அடுத்த ஆடிக்கு ஏதாவது தோணுச்சுன்னா உங்க தங்கச்சிகிட்டயே சொல்லிருங்க. ஆயில் கம்பெனி பாஸ்வேர்ட அவ மாத்திட்டா.