ஒரே நட்டுக்கு இரண்டு கூலி

உத்தனப்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை.

சம்பந்தி என்று கூப்பிட நீங்கள் இன்னும் சம்மதம் தராவிட்டாலும், மனதுக்குள் நான் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்கும் கல்லாவி அன்புமணி அவர்களுக்கு, கிருஷ்ணப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி முனிலட்சுமியும் சுகம். தக்காளியும் சுகம், விலைதான் படுத்திருக்கிறது. அங்கே நீங்களும் வீட்டாரும் உங்கள் மகள் காவியாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் நீங்கள் வந்து, காபி குடித்து, எல்லாம் கூடிவந்த நேரத்தில் உங்கள் மச்சினர் ராமப்பன் என் மகன் பிரேம்குமாரின் சம்பளத்தைக் கேட்டார். சொன்னோம். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க தெரு இளம்பரிதியும் இதே கம்பெனிதான். கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளி யூனிட்ல இதே நட்டைத்தான் முடுக்கறான். அவன் இதைவிடக் கூட வாங்கறானே, உங்க பையன் வேலையில மந்தமா?" என்றார். நீங்களும் யோசித்துச் சொல்வதாக எழுந்துவிட்டீர்கள். அன்றிலிருந்து பிரேம்குமார் சவரம் செய்வதில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, தாடிதான் சொல்கிறது.

என் பிள்ளையை மந்தம் என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே பஸ் ஏறி ஓசூர் சிப்காட்டில் அவன் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். காய் விற்க வந்தவன் என்று வாட்ச்மேன் என்னை கேன்டீன் பக்கம் அனுப்பினார், கேன்டீன்காரர் கிலோ என்ன விலை என்று கேட்டார், இரண்டையும் கடந்து ஆபீசில் நிர்மலா என்ற பெண்ணிடம் போய்ச் சேர்ந்தேன். "ஐயா, நட்டு ஒண்ணுதான், கவர்மென்ட் ரெண்டு. குறைஞ்சது இவ்வளவு கூலி குடுக்கணும்னு ஒவ்வொரு ஸ்டேட்டும் தனித்தனியா லிஸ்ட் போடுது. எங்க முதலாளி அந்தக் கோட்டுலயே நிப்பாரு, தாண்ட மாட்டாரு" என்றது அந்தப் பெண். அவ்வளவுதானே, அத்திப்பள்ளியில் என் கொழுந்தியா வீடு இருக்கிறது, பையன் ஆதாரை அந்த முகவரிக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன். "தூங்கற இடத்துக்குக் கூலி இல்லீங்க, மெஷின் நிக்கற இடத்துக்குத்தான்" என்று சிரித்து, நம் ஊர் லிஸ்ட்டை அச்செடுத்துக் கொடுத்தது.

விடுவேனா? அப்படியே அத்திப்பள்ளி யூனிட்டுக்கும் போய் அந்த ஊர் லிஸ்ட்டையும் வாங்கினேன். எல்லாம் கன்னடம். எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. டீக்கடைக்காரர் படித்துச் சொன்னார். அப்போதுதான் பெரிய சங்கதி வெளியே வந்தது. ஒரே மாநிலத்துக்குள்ளும் ஊருக்கு ஊர் கூலி வேறாம், தொழிலுக்குத் தொழில் வேறாம். பெங்களூர் நகரத்துக்குள் அதே நட்டை முடுக்குகிறவன் இளம்பரிதியைவிடக் கூடுதலாக வாங்குவானாம். அப்படிப் பார்த்தால் இளம்பரிதியும் மந்தம்தானே? இதை ராமப்பனிடம் கட்டாயம் கேட்டுச் சொல்லவும்.

ஆக, பிள்ளைமேல் குற்றமில்லை, எல்லைக் கோட்டின்மேல்தான் குற்றம். ஒரு நாட்டுக்குள் வியர்வைக்கு இரண்டு விலையா? ஜூஜூவாடியில் இருக்கும் எல்லைப் பலகையைப் பிடுங்கி ராயக்கோட்டையில் நட்டு, ஓசூரையும் எங்கள் ஊரையும் கர்நாடகத்தில் சேர்த்துவிட்டால் யார் குடி முழுகிவிடும்? உழைக்கிறவனுக்குச் சட்டப்படி உள்ளதைக் கொடுக்க மனசு வேண்டும் அய்யா, மனசு. கலெக்டருக்கு மனு எழுதலாம் என்றுகூட இருக்கிறேன். இரண்டு லிஸ்ட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு நல்ல பதில் எழுதுங்கள், பையன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

பெரியவர்களுக்கு வணக்கமும், காவியாவுக்கு எங்கள் இருவர் ஆசியும். ராமப்பனுக்கும் சேர்த்தே.

இப்படிக்கு,
கிருஷ்ணப்பன்

பின்குறிப்பு: கவர் ஒட்டப் பசை எடுத்துவரப் போன நேரத்தில், தக்காளி பறிக்கும் சரோஜம்மாள் நம் ஊர்த் தமிழ் லிஸ்ட்டைக் கையில் எடுத்துவிட்டது. எட்டாம் வகுப்பு வரை படித்த பெண். "ஏங்ணா, விவசாயம்னு போட்டிருக்குதே, இது எங்க வேலைதானே? இதுல ஒண்ணு இருக்குது, நீங்க ஒண்ணு குடுக்கறீங்க. தம்பி கூலிக்கு ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் அலைஞ்சீங்க. நாலு வரி கீழ படிக்கலையா?" என்று மெதுவாகத்தான் கேட்டது. படித்திருந்தேன், சம்பந்தி. படித்துத்தான் அந்த இடத்தில் தாளை மடித்திருந்தேன். எட்டு வருஷமாக என் தோட்டத்தில் குனிந்து நிமிர்கிற பெண்பிள்ளை. வெட்கமாகப் போய்விட்டது. நாளையிலிருந்து தக்காளி பறிக்கும் நான்கு பெண்களுக்கும் கூலி லிஸ்ட்டில் உள்ளபடிதான். அதனால், நீங்கள் சம்மதித்தால், கல்யாணம் மண்டபத்தில் இல்லை, கோயிலில்.

எல்லைப் பலகையைப் பற்றி மேலே எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். அது ஜூஜூவாடியிலேயே இருக்கட்டும். சரோஜம்மாளுக்குக் கன்னடமும் படிக்கத் தெரியும்.