பின்னறையில் சுற்றும் உருளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். கருத்தரங்குக்குப் போன இடத்தில் நீங்களும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களை நம்பி விட்டுப்போனீர்களே, அந்த உருளையின் நலம்தான் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஆய்வுக்கூடத்தில் தரையை உடைக்கிறார்கள், எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் அதிர்வே இல்லை என்று சொல்லி அந்தக் கண்ணாடி உருளையைப் படுக்கவைத்துவிட்டுப் போனீர்கள். உள்ளே தேன் பதத்தில் கொஞ்சம் எண்ணெய். மோட்டார் சுற்றச் சுற்ற அது உள்சுவர் முழுக்க மெல்லிய தோல் மாதிரி படர்ந்து நிற்கும், கேமரா தானாகவே படம் எடுக்கும், நீங்கள் திரும்பி வரும்வரை படலம் கலையாமல் நின்றால் கடல் தாண்டி இருக்கிற பெரிய ஆய்வுக்கூடம் உங்களுக்கு வேலை கொடுக்கும், நீங்களும் பாப்பாவும் அங்கேயே போய்விடுவீர்கள். எல்லாம் விளக்கமாகத்தான் சொன்னீர்கள். வேகத் திருகைத் தொடாதீர்கள் என்றும் சொன்னீர்கள். ஆனால் மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனிடம் சுற்றுகிற ஒன்றை ஒப்படைத்துவிட்டுத் தொடாதே என்றால் அவன் என்னதான் செய்வான்?

வேலையில் இருந்த காலமெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்த தனி பிரேக்கில் காலை ஊன்றியபடி நான் அதிகம் சொன்ன வார்த்தை 'மெதுவா' என்பதுதான். என் பெண்தானே என்று பாப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தபோது நடந்துபோகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனதை அவள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். அந்தக் கண்ணுக்கு உங்கள் உருளை கொஞ்சம் அதிகமாகவே பறப்பதாகப் பட்டது. மேஜைக்கு அடியில் என் கால் பிரேக்கைத் தேடியது. கிடைக்கவில்லை. திருகு கிடைத்தது. ஒரு துளி, ஒரே ஒரு துளிதான் குறைத்தேன். மேலே ஏறுகிற பக்கத்தில் எண்ணெய் சற்றுத் தடித்தது, தயங்கியது, மேட்டில் தடுமாறுகிற புது ஆளின் வண்டி மாதிரி அப்படியே பின்னால் சரிந்து, அடியில் குட்டையாகத் தேங்கிவிட்டது. உங்கள் அத்தை வந்து நின்றாள்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் நிதானமாப் போகட்டுமேன்னு..."

"நிதானமாப் போனா விழுந்துடும்னு மாப்பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் இருந்தேன்."

"உடம்பு இருந்துச்சு."

இந்தப் பேச்சுக்குப் பிறகு மனுஷன் சும்மா இருக்க முடியுமா? விழுந்த எண்ணெய்க்குப் பதில் புதிது ஊற்றினால் சரியாகிவிடும் என்று நீங்கள் மிச்சம் வைத்திருந்த எண்ணெய் டப்பாவை எடுத்தேன். அது கையை விட்டுப் போய், தரையெல்லாம் எண்ணெய். என் வலதுகால் செருப்பு இருந்த இடத்தை இனிமேல் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டுப் பல் டாக்டர், நிலைப்படியிலிருந்து கட்டில் வரைக்கும் ஒரு அடிகூட எடுத்துவைக்காமலே வந்து சேர்ந்தார். கட்டில்காலைப் பிடித்தபடி உருளையைப் பார்த்து, "இதுல துணிய எந்தப் பக்கம் போடறது?" என்று கேட்டார். நல்ல மனிதர்.

ஆக, விஷயம் இதுதான். படலம் போயிற்று, படங்களும் போயின. அந்த ஆய்வுக்கூடத்துக்கு வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். இங்கே நம் கல்லூரியிலேயே ஆள் தேடுவதாகக் கேள்வி. நம் மாடியும் காலியாகத்தான் கிடக்கிறது, வெள்ளை அடித்தால் போதும். பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லவும்.

இருவரும் சகல நலங்களும் பெற்று, முடிந்தவரை பக்கத்திலேயே வாழ வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். அதனால் இதையும் எழுதவேண்டியிருக்கிறது. திருகில் நீங்கள் போட்டிருந்த மைக்கோட்டுக்கே அவள் அதைத் திருப்பி வைத்துவிட்டாள். டாக்டர் எழுந்து நிற்பதற்குள் எண்ணெயும் எழுந்து சுவரெல்லாம் படர்ந்துவிட்டது. இன்றுவரை அசையவில்லை. சரிந்த நேரத்துப் படங்களைத் தள்ளிவிட்டால் மற்றதெல்லாம் பிரமாதம். ஒன்றில் மட்டும் என் மூக்கு தெரியும். கொட்டியது மிச்ச எண்ணெய்தான்.

"பொண்ணு அவ்வளவு தூரம் போறது பிடிக்கலன்னு ஒரு வரி எழுதிட்டுப் போறதுக்கு, எண்ணெய் மேல பழியப் போட்டு இவ்வளவு பெரிய லெட்டரா?" என்றாள்.

எழுதிவிடுகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. பாப்பா இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. ஆனாலும் போய் வாருங்கள். அங்கே பாப்பா வண்டி ஓட்டினால், கொஞ்சம் வேகமாகவே போகலாம் என்று அப்பா சொன்னதாகச் சொல்லுங்கள்.