அடுப்படி என்றொரு சைடு பேனல்

பெண் பார்க்கும் நிகழ்ச்சியில் முக்கியமான எதுவும் கூடத்தில் நடப்பதில்லை. எல்லாம் அடுப்படியில்தான். மாப்பிள்ளை வீட்டார் சங்கடமாக ஏதாவது கேட்டுவிட்டால், "காபி ஆறிடப் போவுது" என்று அம்மா எழுந்து போவார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அப்பா பின்னாலேயே போவார். எதற்குப் போகிறோம் என்று தெரியாமலேயே மாமாவும் போவார். திரும்பி வரும்போது மூவரிடமும் ஒரே பதில் இருக்கும். (காபி மட்டும் வராது.)

இந்த ஏற்பாட்டில் வீடியோ மீட்டிங் வந்து மண்ணை அள்ளிப் போட்டது. குடும்பமே எழுந்து போனால் எதிரே இருப்பவர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் எனக்கு வந்த முதல் வரனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே ரகசியம் பேசினோம். மியூட்டில் இருப்பதாக நம்பிக்கொண்டு மாமா, "ஏங்க்கா, இவன் மாப்பிள்ளையா, மாப்பிள்ளையோட சித்தப்பாவா?" என்று கேட்டார். அந்த வரன் அன்றோடு சரி.

இரண்டாவது வரன் பிரபு. சொந்த ஊர் எங்கள் பக்கத்து இரும்பை, வேலை நாசிக்கில், பெற்றோரும் அங்கேயே. ஜாதகம் பொருந்திய பிறகு நாங்கள் இருவரும் போனில் பேசினோம். நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத பழக்கம் அது. எனக்குப் பிடித்துவிட்டது. பெரியவர்கள் முதலில் வீடியோவில் பேசிக்கொள்வது, ஒத்து வந்தால் அவர்கள் நேரில் வருவது என்று முடிவானது. இதுவும் மாமா வாயால் கெட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

நான் மரக்காணத்தில் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். வீடியோ மீட்டிங் நடக்கும்போது திரையின் வலப்பக்கத்தில் ஒல்லியாக ஒரு பட்டை திறக்குமே, அந்த சைடு பேனலுக்குள் ஓடும் சின்னச் சின்னச் செயலிகளை எழுதுவதுதான் என் தொழில். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறோம், நம் வீட்டுக்கு ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. எழுதினேன். பெயர் 'அடுப்படி'.

யோசனை எளிது. உள்ளே போனதும் நீங்கள் யார் என்று கேட்கும். அப்பா, அம்மா, மாமா, நான் என்று நான்கு பொத்தான்கள். ஒன்றைத் தொட்டுவிட்டு நினைத்ததை எழுதலாம். வாய் திறக்கவே வேண்டாம். மடியில் போனை வைத்துக்கொண்டும் அதே பக்கத்தைப் பார்க்கலாம். நான்கு பேருக்கு எதற்கு லாகின், பாஸ்வேர்டு எல்லாம் என்று விட்டுவிட்டேன். (இதை ஒரு இன்டர்வியூவில் சொல்லியிருந்தால் வாசல்வரை வந்து வழியனுப்பியிருப்பார்கள்.)

அப்பாவுக்கு டைப் செய்ய வராது என்பதால் மைக் பொத்தான் ஒன்று வைத்தேன். பேசினால் எழுத்தாகிவிடும். அதற்கு அவர் வாசலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ரோட்டைத் தாண்டினால் எங்கள் உப்பளம். கோடை மழை ஒன்று அடித்தால் குவித்து வைத்த உப்பெல்லாம் தண்ணீராகிவிடும். உப்பளக்காரர் பேச்சுக்கு நடுவே வானத்தைப் பார்க்க எழுந்து போனால் இந்தப் பக்கத்து மனிதர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாங்கள் நால்வர் மட்டும் ஒரு மீட்டிங் போட்டுச் சோதித்துப் பார்த்தோம். அருமையாக ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் ஆரம்பமானது. நாசிக்கில் பிரபு, அவர் அப்பா, அம்மா. இங்கே மடியில் போனோடு என் குடும்பம். வணக்கம் எல்லாம் முடிந்ததும் லேப்டாப்பில் 'தொடங்கு' பொத்தானை அழுத்தினேன். அடுப்படி திறந்தது.

மாமா: போட்டோல இருந்த முடி நேர்ல இல்லியே.

அம்மா: முடிய வுடுடா. பின்னாடி செவுத்துல எம்மா ஒட்டட பாரு.

நான்: சும்மா இருங்க. எனக்குப் புடிச்சிருக்கு.

அம்மா: அத மூஞ்சில காட்டாத.

நான் மூஞ்சியைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். திரையில் பிரபு குனிந்து சிரித்தார். அப்பா சொல்லிக்கொண்டிருந்த உப்பு விலை நிலவரத்தை ரசிக்கிறார், எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கேமரா மெல்ல இடப்பக்கம் திரும்பியது. ஒட்டடை மறைந்தது. பேனலில் புதிதாக ஒரு வரி வந்தது.

அம்மா: ஒட்டட நாளைக்கே அடிச்சிடலாம்.

"நம்ம வூட்டு ஒட்டடய ஏங்க்கா இங்க போடுற?" என்று மாமா பல்லிடுக்கில் முணுமுணுத்தார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது அப்பா, "மேகமா இருக்குதுங்க, ஒரு நிமிஷம்" என்று வாசலுக்குப் போனார். மேகம் நிஜமாகவே இருந்தது. பேனலில் அவர் பேச்சு ஓடி வந்தது.

அப்பா: நாசிக்கு எம்மாந் தூரம்னு இப்பதான் தெரிஞ்சிக்கிட்டேன் மழை வந்தா தார்ப்பாய் புடிக்க அவதான் என் கூட ஓடியாருவா அவ போய்ட்டா நான் யாரக் கூப்புடுவேன் இத அவங்க கிட்ட சொல்லிடாதீங்க வேணாம்னு நெனச்சிடப் போறாங்க

என் கல்யாணப் பேச்சு வந்ததிலிருந்து அப்பா இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தால், நாசிக்கில் பிரபுவின் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வரி வந்தது.

அம்மா: சம்பந்தி, உள்ள வாங்க. பொண்ணுக்கு வேல வீட்லேர்ந்துதான? உப்பு சீசன் பூரா அங்கயே இருக்கட்டும். நீங்க கூப்புட்டா ஓடியாருவா.

எங்கள் வீட்டில் அப்பாவைச் சம்பந்தி என்று கூப்பிட யாரும் இல்லை.

"நான் எதுவும் போடலடி!" என்று அம்மா வாய்விட்டே கத்தினார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. 'தொடங்கு' என்றால் மீட்டிங்கில் இருக்கும் எல்லோருடைய திரைக்கும் "சேருங்கள்" என்று அழைப்புப் போகும். சோதித்தபோது இருந்ததெல்லாம் நாங்கள் மட்டும் என்பதால் எல்லோருக்கும் போவதே எனக்குச் சரியாகத் தெரிந்தது. நாசிக் குடும்பம் மரியாதையாகச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் யார் என்று கேட்டதற்குப் பிரபுவின் அம்மா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். முடி, ஒட்டடை, எனக்குப் பிடித்தது, அதை மூஞ்சியில் காட்டக் கூடாது என்பது, எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து படித்திருக்கிறார்கள்.

விளக்கம் சொல்வது, மன்னிப்புக் கேட்பது என்று நாகரிகமான வழிகள் இருந்தன. நான் லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

அப்பா உள்ளே வந்தார். மூடிய லேப்டாப்பையும் எங்கள் முகங்களையும் பார்த்தார். "வேணாம்னுட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொல்வதற்குள் வாசலில் சடசடவென்று மழை விழுந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்பா பின்னால் ஓடினேன். அம்மாவும் மாமாவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயைப் பிடித்து உப்புக் குவியலை மூடினோம். காற்று வேறு. தலையில் வைத்த பூவெல்லாம் உப்புப் பாத்தியில் மிதந்தது.

ஒரு கையால் தார்ப்பாயையும் மறு கையால் போனையும் பிடித்திருந்த மாமா திடீரென்று கேட்டார். "ஏண்டி தேவி, உனக்குப் புடிச்சிருக்குதுன்னு எத்தினி வாட்டி சொல்லுவ?"

"நான் எங்க சொன்னேன்?"

"தோ, போட்டிருக்குதே. 'நான்: எனக்கும் புடிச்சிருக்கு. முடி விஷயத்த மாமாகிட்ட நேர்ல பேசிக்கறேன்.'"

படித்து முடித்த பிறகுதான் யார் எழுதியது என்று மாமாவுக்குப் புரிந்தது. அவர் கையிலிருந்த முனை பறந்தது. அதைப் பாய்ந்து பிடித்த அப்பா, போனை வாங்கிச் சம்பந்தி என்று ஆரம்பிக்கும் வரியைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஏற்கெனவே கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

கல்யாணம் முடிந்து நாசிக் வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததும் மாமியார் முதலில் காட்டியது அந்தச் சுவரைத்தான். "அடிச்சாச்சு, நல்லாப் பாத்துக்கோ." இன்றும் எங்கள் வீட்டில் யாராவது காதோடு காதாகப் பேசினால், "மெல்லப் பேசுங்க, நாசிக்குல படிக்கறாங்க" என்பார் அப்பா. மாமா இப்போது பிரபுவைப் பார்த்தாலே தன் தலையைத்தான் தடவிக்கொள்கிறார்.

அடுப்படியைப் பிறகு ஒழுங்காகச் சரிசெய்து, வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டு வீட்டாரும் என்னோடு சண்டை போட்டுப் பழையதையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உப்பு சீசனில் நான் மரக்காணத்தில்தான் இருப்பேன். போன வாரம் மதியம் அலுவலக மீட்டிங்கில் இருந்தபோது, ஓரத்தில் அந்தப் பட்டை கண் சிமிட்டியது.

அம்மா: சம்பந்தி, டிவில உங்க பக்கம் மழைங்கறாங்களே?

அப்பா: ஆமாங்க கருக்குது பயமில்ல பொண்ணு இங்கதான் இருக்குது